மயில் எப்படிக் குறியீடானது? ஓர் எளிய அறிமுகம்

ஒரு மயிலிறகை எடுத்து வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினால் நீலம் பச்சையாகும், பச்சை செம்பு நிறமாகும். இன்னும் கொஞ்சம் சாய்த்தால் எல்லாம் மங்கிப் பழுப்பாகத் தெரியும். இந்த இறகைப் பார்த்த கிரேக்கர்கள் நூறு கண் பூதத்தின் கதையைச் சொன்னார்கள். சீனர்கள் ஒரு கல்யாணக் கதையைச் சொன்னார்கள். ரோம் நகரத்துக் கிறிஸ்தவர்கள் கல்லறைச் சுவரில் இதை வரைந்து, சாவில்லாத வாழ்வு என்றார்கள். முகலாயப் பேரரசர் ஒருவர் நீலக்கல்லில் தோகை செய்து தன் தலைக்கு மேல் நிறுத்திக்கொண்டார். ஒரே பறவை இத்தனை பேருக்கு இத்தனை விதமாகப் பொருள் தந்தது எப்படி?

ஒன்றைக் காட்டி இன்னொன்றை நினைக்க வைப்பதைக் குறியீடு என்கிறோம். தராசைப் பார்த்தால் நீதி, புறாவைப் பார்த்தால் சமாதானம். ஓவியம் பார்க்கவோ பழங்கதை படிக்கவோ தொடங்குகிறவர்கள் பலர் இதை அகராதி போல மனப்பாடம் செய்யப் பார்க்கிறார்கள்: மயில் என்றால் கர்வம், மயில் என்றால் அழகு, இப்படி. அந்த அகராதி சீக்கிரமே கைவிட்டுவிடும். ஒரு படத்தில் செருக்கோடு நிற்கும் மயில் அடுத்த படத்தில் சொர்க்கத்தில் நிற்கும். எனக்கு உதவிய வழி வேறு. மயில் வரும் எதைப் பார்த்தாலும், இதைப் படைத்தவர் பறவையிடம் எதைக் கவனித்திருக்கிறார் என்று கேட்டுப் பார்ப்பேன். கண்ணையா, நிறத்தையா, குரலையா, இறகு உதிர்வதையா? பொருள் பெரும்பாலும் அங்கேயிருந்துதான் கிளம்பியிருக்கும்.

சரி, அப்படியானால் முதலில் பறவையைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் அதிகம் பார்க்கும் நீல மயில் இந்தியத் துணைக்கண்டத்துக்கும் இலங்கைக்கும் உரியது. பச்சை மயில் மியான்மர் முதல் ஜாவா வரை தென்கிழக்கு ஆசியாவில் வாழ்கிறது. காங்கோ காடுகளில் மூன்றாவதாக ஒரு மயில் உண்டு. அறிவியல் உலகம் அதைப் பதிவு செய்தது 1936இல்தான். தோகை விரிப்பது ஆண் மட்டும். தோகையை வால் என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் அது வாலுக்கு மேலே முதுகிலிருந்து வளரும் இறகுத் தொகுதி. உண்மையான வால் குட்டையாக, பழுப்பாக, பின்னால் மறைந்திருக்கும். தோகை நிமிரும்போது அதற்கு முட்டுக்கொடுப்பது அந்த வால்தான். தோகையில் ஏறத்தாழ 150 முதல் 200 இறகுகள். பெரும்பாலானவற்றின் நுனியில் ஒரு கண். ஜோடி சேரும் பருவம் முடிந்ததும் மொத்தத் தோகையும் உதிர்ந்து, அடுத்த பருவத்துக்குள் புதிதாக வளர்ந்துவிடும்.

கண்ணிலிருந்து தொடங்கலாம். எவரையும் முதலில் நிறுத்துவது அதுதான்.

கிரேக்கர்களுக்கு மயில் கிழக்கிலிருந்து வந்த புதுப் பறவை. வந்ததும் அது கடவுள்களின் அரசியான ஹீராவின் பறவை ஆனது. சேமோஸ் தீவில் ஹீராவின் கோயிலில் மயில்களை வளர்த்தார்கள், அந்தத் தீவின் நாணயங்களிலும் மயில் இருந்தது. தோகையில் கண்கள் வந்த கதையை ரோமானியக் கவிஞர் ஓவிட் சொன்ன விதத்தில்தான் இன்று பலரும் அறிவார்கள். கடவுள்களின் அரசர் அயோ என்ற பெண்ணை விரும்புகிறார். மனைவிக்குத் தெரியாமலிருக்க அவளைப் பசுவாக மாற்றிவிடுகிறார். சந்தேகப்பட்ட மனைவி அந்தப் பசுவையே கேட்டு வாங்கி, ஆர்கஸ் என்ற நூறு கண் காவலனிடம் ஒப்படைக்கிறாள். இரண்டு கண்கள் தூங்கினாலும் மற்றவை விழித்திருக்கும். பசுவை மீட்க வந்த தூதன் குழல் ஊதி, கதை சொல்லி, நூறு கண்களையும் ஒவ்வொன்றாகத் தூங்க வைத்து அவனைக் கொல்கிறான். தேவி அந்தக் கண்களை எடுத்துத் தன் பறவையின் இறகுகளில் பதித்துவிடுகிறாள். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அதன் சோகம். மயில் தோகை விரித்து நிற்பதை அழகு என்கிறோம்; இந்தக் கதை தெரிந்தவருக்கு அது தன் காவலனை இழந்த ஒருத்தி வைத்திருக்கும் நினைவுப்பொருள்.

அதே கண்ணைச் சீனக் கதையொன்று இலக்காகப் பார்த்தது. தோவ் யீ என்பவர் தன் மகளுக்கு ஏற்ற மாப்பிள்ளையைத் தேடுகிறார். ஒரு திரையில் இரண்டு மயில்களை வரையச் செய்து, பெண் கேட்டு வருகிறவர்களிடம் ஆளுக்கு இரண்டு அம்புகள் தருகிறார். மயிலின் கண்ணில் எய்கிறவருக்குத்தான் பெண் என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தார். பலர் எய்து தவறவிட்டார்கள். கடைசியில் வந்த லீ யுவான் ஒவ்வொரு மயிலுக்கும் ஒரு கண்ணில் அம்பைச் செலுத்தினார். பின்னாளில், 618இல், தாங் அரச வம்சத்தைத் தொடங்கியவர் அவர்தான். திரை மயிலில் அம்பு தைத்தது என்றால் மாப்பிள்ளையாகத் தேர்வானார் என்று சீன மொழியில் இன்றும் பொருள். சிங் வம்சக் காலத்தில் இதே கண்கள் பதவியின் அளவுகோலாயின. அதிகாரிகளின் தொப்பிக்குப் பின்னால் மயிலிறகு தொங்கும்; அதில் ஒரு கண்ணா, இரண்டா, மூன்றா என்பதை வைத்து மதிப்பு.

அப்புறம் இறகு உதிர்வது. இங்கேதான் ஆச்சரியமான ஒரு விஷயம் இருக்கிறது: வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நிலத்தில், மயிலை மரணத்தின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். ஹரப்பாவின் பிற்கால இடுகாட்டில் கிடைத்த தாழிகளில் மயில்கள் தீட்டப்பட்டிருக்கின்றன. சில மயில்களின் வயிற்றுக்குள் சின்னதாக ஒரு மனித உருவம். இறந்தவரின் உயிரைச் சுமந்து செல்லும் பறவை என்று ஆய்வாளர்கள் அதற்குப் பொருள் கொண்டார்கள். சங்கப் பாடல் ஒன்றில் (புறநானூறு 264), போரில் விழுந்த வீரனுக்கு நடுகல் நாட்டும்போது, பெயர் பொறித்து, மயில் பீலி சூட்டுகிறார்கள். சீவக சிந்தாமணியில் சச்சந்தன் என்ற அரசன் தன் கர்ப்பிணி மனைவிக்காகப் பறக்கும் மயில் எந்திரம் ஒன்றைச் செய்யச் சொல்கிறான். அமைச்சன் கட்டியங்காரன் துரோகம் செய்து அரண்மனையைச் சூழும்போது அவளை அதில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தான் சாகிறான். மயிற்பொறி இறங்கும் இடம் சுடுகாடு. அங்கேதான் கதாநாயகன் பிறக்கிறான்.

ரோமில் அரசி இறந்தால் அவளை மயில் விண்ணுக்குத் தூக்கிச் செல்வதாக நாணயம் அடித்தார்கள். அந்தப் பழக்கத்துக்கு நடுவில் வாழ்ந்த ஆரம்பகாலக் கிறிஸ்தவர்கள் மயிலை எடுத்துக்கொண்டு வேறு பொருள் தந்தார்கள். ஆண்டுதோறும் தோகையை இழந்து மீண்டும் பெறும் பறவை உயிர்த்தெழுதலுக்கு நல்ல உவமைதானே. போதாததற்கு, மயிலின் இறைச்சி அழுகாது என்ற நம்பிக்கை வேறு. புனித அகஸ்டின் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார். கார்த்தேஜ் நகரில் தனக்குப் பரிமாறிய மயில் இறைச்சியில் ஒரு துண்டை எடுத்து வைக்கச் சொன்னார். 30 நாள் கழித்தும் நாறவில்லை, ஒரு வருடம் கழித்துக் கொஞ்சம் உலர்ந்து சுருங்கியிருந்தது, அவ்வளவுதான் என்று எழுதி வைத்தார். ரோமின் நிலத்தடிக் கல்லறைகளிலும், இத்தாலியின் ரவென்னாவில் உள்ள கல் சவப்பெட்டிகளிலும் மயில்கள் நிற்பதற்குப் பின்னால் இந்த நம்பிக்கை இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் ஹான்ஸ் மெம்லிங் தீட்டிய இறுதித் தீர்ப்பு ஓவியத்தில், உயிர்களை நிறுத்துப் பார்க்கும் வானதூதர் மிக்கேலின் சிறகுகளில் மயிற்கண்கள் தெரியும். இது வெறும் அலங்காரம் என்று கடந்துபோனால் பாதிப் படத்தைத் தவறவிடுவோம்.

மயில் பாம்பைக் கொத்தும். அந்த ஒரு காட்சியிலிருந்து, நஞ்சை வெல்லும் தெய்வமாக பௌத்தத்தில் மகாமாயூரி எழுந்தாள். முருகனின் மயில் காலடியில் பாம்பு கிடப்பதும் இதோடு சேர்ந்தது. கந்தபுராணம் இன்னொரு படி மேலே போகிறது: தோற்ற சூரன் அழிக்கப்படவில்லை, அவன் உடலின் ஒரு பாதி மயிலாகி வென்றவனையே சுமக்கிறது. 5ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் குமாரகுப்தர் ஒரு தங்க நாணயம் வெளியிட்டார். ஒரு பக்கம் அரசர் மயிலுக்கு இரை ஊட்டுகிறார், மறுபக்கம் மயில்மேல் கார்த்திகேயன். அரசருடைய பெயரும் தெய்வத்தின் பெயரும் ஒன்று என்பதை ஒரு மயிலை வைத்தே சொல்லிவிட்டார்கள்.

குரலை எடுத்துக்கொண்டால், ஒரே ஓசையை இரண்டு உலகங்கள் எப்படிக் கேட்டன என்பது தெரியும். ஈசாப் கதை மரபில் மயில் ஹீரா தேவியிடம் போய், குயிலைப் போலப் பாடும் நைட்டிங்கேல் பறவைக்கு இனிய குரல் தந்தாய், எனக்கு மட்டும் ஏன் இந்தக் கரகரப்பு என்று முறையிடுகிறது. அவரவர்க்குக் கிடைத்ததோடு நிறைவு கொள் என்று பதில் வருகிறது. தமிழில் மயிலின் குரலுக்கு அகவல் என்று பெயர். சங்கப் பாடல்களில் பெரும்பாலானவை அமைந்த ஆசிரியப்பாவின் ஓசைக்கும் அகவல் என்றே பெயர். அங்கே குறையாகக் கேட்டது இங்கே பாட்டின் ஓசையோடு பெயரைப் பகிர்ந்துகொண்டது. மேகம் கண்டு மயில் அகவும், ஆடும் என்பதைக் காளிதாசர் முதல் எத்தனையோ கவிஞர்கள் பாடியிருக்கிறார்கள். மழைக்காலத்தை ஒட்டித்தான் மயில்கள் ஜோடி தேடுகின்றன என்பதால் அந்தக் கவனிப்பும் கற்பனை இல்லை.

எல்லாருமே அழகைத்தான் பார்த்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். திருவள்ளுவர் ஒரு குறளில் (475) இறகின் எடையைப் பார்த்திருக்கிறார்.

பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம்
சால மிகுத்துப் பெயின்.

மயிலிறகுதான், காற்றில் பறக்கக்கூடியதுதான். ஆனால் அளவில்லாமல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும். நிறத்தைப் பற்றி ஒரு சொல் கூட இல்லாமல் மயிலிறகை வைத்து இப்படி ஒன்றைச் சொல்ல, அதைக் கையில் தூக்கிப் பார்த்த மனம் வேண்டும். மயிலை வைத்து எழுதியவற்றில் எனக்கு மிகவும் பிரியமான இரண்டு வரிகள் இவை.

மயில் தன் நிலத்தைவிட்டு வெளியே போனபோது இன்னொரு பொருளும் சேர்ந்தது: கிடைக்காத பொருள் என்ற மதிப்பு. புத்தரின் முற்பிறப்புக் கதைகளில் ஒன்றான பாவேரு ஜாதகக் கதை இதை அழகாகச் சொல்கிறது. பாவேரு என்பது பாபிலோன் என்று கருதுகிறார்கள். பறவைகளே இல்லாத அந்த நாட்டுக்கு இந்திய வணிகர்கள் ஒரு காக்கையைக் கொண்டுபோகிறார்கள். ஆஹா என்ன நிறம், என்ன கழுத்து என்று மக்கள் வியந்து, 100 காசு கொடுத்து வாங்கி, தங்கக் கூண்டில் வைத்து மீனும் பழமும் ஊட்டுகிறார்கள். அடுத்த முறை வணிகர்கள் மயிலோடு வருகிறார்கள். விரலைச் சொடுக்கினால் அகவவும், கை தட்டினால் ஆடவும் பழகிய மயில். அது 1000 காசுக்கு விலை போகிறது. அன்றிலிருந்து காக்கையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாவம், அது குப்பைமேட்டுக்குப் போய்விட்டது.

இந்தக் கதைக்குப் பின்னால் உண்மையான கடல் வணிகம் இருக்கிறது. விவிலியத்தில் சாலமோன் அரசருக்குக் கப்பலில் வந்த பொருள்களின் பட்டியலில், தங்கம், வெள்ளி, தந்தம், குரங்கு இவற்றோடு மயிலைக் குறிப்பதாகப் பலர் கொள்ளும் ஓர் எபிரேயச் சொல் வருகிறது. அது துக்கி. தோகை என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து அது போயிருக்க வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் எழுதினார். அந்தச் சொல் மயிலைக் குறிக்கவில்லை என்கிற அறிஞர்களும் உண்டு. ஆனால் பறவையோடு சேர்ந்து பெயரும் கப்பலேறியிருக்கலாம் என்ற எண்ணமே எவ்வளவு நன்றாக இருக்கிறது!

பிறந்த மண்ணில் மயில் சமையலறைக்கும் போனது. அசோகரின் முதலாம் பாறைக் கல்வெட்டு இதை மறைக்காமல் சொல்கிறது. முன்பு அரண்மனை அடுக்களையில் தினமும் லட்சக்கணக்கான உயிர்கள் கொல்லப்பட்டன. இப்போது இரண்டு மயில், ஒரு மான் மட்டும். மானும் எப்போதும் இல்லை. இனி இவையும் கொல்லப்படமாட்டா. இந்தியா மயிலைத் தேசியப் பறவையாக அறிவித்தது 1963இல்.

அதிகாரத்தின் மயிலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஷாஜகானின் மயிலாசனம் 1635இல் தயாரானது. அதன் விதானத்தின் மேலே தோகை உயர்த்திய மயில் நின்றதாகவும், தோகை முழுக்க நீலக்கற்கள், மார்பில் ஒரு பெரிய மாணிக்கம் என்றும் அதை நேரில் பார்த்த பிரெஞ்சு நகை வணிகர் தவெர்னியே குறித்து வைத்தார். 1739இல் நாதிர் ஷா அதைக் கொள்ளையடித்துக்கொண்டு போனார்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது நிறத்தின் கதை. கைவினைஞர்களை மயில் திணறடித்தது அங்கேதான். மயிலிறகில் நீலச் சாயமே கிடையாது. அதில் இருப்பது மெலனின் என்ற கரும்பழுப்புப் பொருள் மட்டும். இறகின் நுண்ணிழைகளில் அந்த மெலனின் கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறு குச்சிகளாக, சீரான இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கிறது. அந்த இடைவெளியைப் பொறுத்து நீல ஒளியோ பச்சை ஒளியோ திரும்பி வருகிறது. 1665இல் ராபர்ட் ஹூக் இறகை நுண்ணோக்கியில் பார்த்தார். தண்ணீரில் நனைத்தால் நிறம் போய்விடுகிறது, உலர்ந்தால் வந்துவிடுகிறது என்பதை வைத்து, இது சாயம் இல்லை என்று புரிந்துகொண்டார்.

அப்படியானால் ஓவியர் என்ன செய்வார்? எந்தச் சாயத்தைப் பூசினாலும் அது ஒரே நிறமாக நின்றுவிடும், திருப்பினால் மாறாது. நெசவாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மயில்கழுத்து நிறப் பட்டு என்று சொல்கிறோமே, அதில் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். நீலமும் பச்சையும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னுவதால், துணி மடியும் இடத்தில் ஒரு நிறம் முந்தும், விரியும் இடத்தில் மற்றது. ஒளியின் கோணத்தோடு நிறம் மாறும் துணியைச் சாயத்தால் அல்ல, இழை அமைப்பால் செய்திருக்கிறார்கள். மயில் செய்வதும் கிட்டத்தட்ட அதுவேதான்.

ஜேம்ஸ் விஸ்லர் என்ற ஓவியர் பொன்னை நாடினார். 1876, 1877 ஆண்டுகளில் லண்டனில் லேலண்ட் என்ற கப்பல் முதலாளியின் சாப்பாட்டு அறையை, அவர் ஊரில் இல்லாத நேரத்தில், விலையுயர்ந்த தோல் ஒட்டிய சுவர் என்றும் பாராமல் நீலப்பச்சை பூசி, மேலே பொன்னிறத்தில் மயில்களாக நிரப்பினார். வெளிச்சம் படும்போது பொன் மின்னி மங்கும். முதலாளி திரும்பி வந்து பார்த்ததும் தகராறு. விஸ்லர் கேட்டது 2000 கினி. லேலண்ட் கொடுத்தது அதில் பாதி, அதுவும் கினியில் இல்லாமல் பவுண்டில். கினி என்பது ஒரு பவுண்டுக்கு மேல் ஒரு ஷில்லிங். கலைஞர்களுக்குக் கினியிலும் கடைக்காரர்களுக்குப் பவுண்டிலும் கொடுப்பது அன்றைய வழக்கம். அவமானம் தாங்காத விஸ்லர் அந்த அறையின் கடைசிச் சுவரில் இரண்டு மயில்கள் மோதுவதை வரைந்தார். ஒன்றின் காலடியில் காசுகள் சிதறிக் கிடக்கும். கலையும் பணமும் என்று அதற்குப் பெயர். அந்த அறை முழுவதையும் பிரித்தெடுத்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள்; இப்போது வாஷிங்டனில் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் இருக்கிறது. 1956இல் அமெரிக்கத் தொலைக்காட்சியான என்பிசி, வண்ண ஒளிபரப்பை அறிவிக்க ஒரு சின்னம் தேடியபோதும் மயிலிடம்தான் வந்து சேர்ந்தது.

இந்த நிறம் ஏன் இருக்கிறது என்ற கேள்வி சார்லஸ் டார்வினையும் படுத்தியது. மயிலிறகைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் குமட்டுகிறது என்று 1860இல் நண்பருக்குக் கடிதம் எழுதினார். பிழைத்திருக்க உதவாத, தப்பி ஓடத் தடையான ஒன்று எப்படி நிலைத்தது? 1871இல் வெளியான நூலில் அவர் சொன்ன விடை: பெண்மயில்கள் தேர்ந்தெடுத்தன. அதாவது, இந்தக் கலையின் முதல் ரசிகை பெண்மயில். தோகை இல்லாத, பழுப்பு நிறமான, ஓவியர்கள் அதிகம் கண்டுகொள்ளாத பறவை.

ஆண்மயில் அவள் முன்னால் சும்மா விரித்து நிற்பதில்லை. இறகுகளைச் சிலிர்க்கும், நொடிக்கு ஏறத்தாழ 25 முறை தோகை அதிரும். அந்த அதிர்விலும் கண்கள் மட்டும் அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும். இதைப் படித்தபோது எனக்குப் பேகன் நினைவுக்கு வந்தான். ஆடும் மயிலைப் பார்த்துக் குளிரில் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையைக் கொடுத்த வள்ளல். நடனம் எது, நடுக்கம் எது என்று தெரியாத வெகுளித்தனம் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் அவன் பார்த்தது உண்மை. மயில் நடுங்கத்தான் செய்தது.

பலருக்குத் தெரிந்த கதை அந்தப் போர்வையோடு முடிந்துவிடும். பரணர் பாடிய புறநானூறு 145ஆம் பாட்டில் அது அங்கேதான் தொடங்குகிறது. பேகன் தன் மனைவி கண்ணகியை (சிலப்பதிகாரக் கண்ணகி அல்ல) பிரிந்து இருக்கிறான். பரணர் அவன் முன்னால் வந்து, மயில் நடுங்கும் என்று இரங்கிப் போர்வை தந்தவனே என்று விளிக்கிறார். நான் பசித்து வரவில்லை, எனக்குக் காப்பாற்ற வேண்டிய சுற்றமும் இல்லை என்கிறார். பிறகு தான் கேட்க வந்த பரிசிலைச் சொல்கிறார்: இன்று இரவே தேர் ஏறிப் போய், துயரத்தில் இருக்கும் அவளுடைய வருத்தத்தைத் தீர்த்து வை.